படிவம் தயாரிப்பவர்களுக்கு: ‘தொழில்’ என்ற கட்டம் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் போட்டுக் கொடுத்த கட்டங்களை விவரம் தெரிந்த நாளிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறேன். பள்ளிச் சேர்க்கை, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு, காப்பீடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆஸ்பத்திரி அனுமதி என்று எதை எடுத்தாலும் பெயருக்கும் வயதுக்கும் கீழே ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டு மாதத்துக்கு முன் என் அம்மா படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். இடது கையில் துவைத்த துணி நிறைந்த வாளி. அதை விடாமல் பிடித்துக்கொண்டு வலது கையை ஊன்றியிருக்கிறார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வாளியைத் தூக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, “துணியெல்லாம் மறுபடி அழுக்காயிருக்கும்” என்றார்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் படிவத்தோடு உட்கார்ந்தேன். பெயர், வயது, முகவரி. தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. மூன்று வரி தள்ளி, ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்று ஒரு கட்டம். அதில் என் கை தானாகவே ஒரு எண்ணை எழுதிவிட்டது. எழுதி முடித்தபின்தான் பார்க்கிறேன், அது அம்மாவின் எண். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அது. விடுதியில் கொடுத்தது, அலுவலகத்தில் கொடுத்தது எல்லாம் அந்த எண்தான். அடித்துவிட்டு என் எண்ணை எழுதினேன்.

ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், மூன்று வரி இடைவெளியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் அவருக்கு வேலையே இல்லை. இன்னொன்றில், எங்கள் வீட்டில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் கூப்பிட வேண்டிய ஆள் அவர். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தவர்கள் நீங்கள்தானே? ஒருமுறையாவது உங்களுக்கு உறுத்தியிருக்கிறதா? எனக்கும் அன்றைக்கு வரை உறுத்தியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் பணி ஓய்வு பெற்ற அப்பா, கல்லூரியில் படிக்கும் தம்பி, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் நான். பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாள் நன்றாகவே சமாளித்தேன். சமைத்தேன், பாத்திரம் கழுவினேன், துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினேன். இதென்ன பெரிய வித்தை என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டு நாளும், அம்மா முன்கூட்டியே செய்து வைத்திருந்ததைத்தான் எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன் என்பது மூன்றாம் நாள் இரவு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை காலி. “எப்ப தீர்ந்துச்சு?” என்றால் அப்பாவுக்குத் தெரியவில்லை. “உங்கம்மாதான் எடுத்துக் குடுப்பா” என்றார். கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: “அலமாரிக் கதவைத் திறந்து உள்பக்கம் பாருடா.”

முப்பது வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அதன் உள்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. மாத்திரை வாங்கிய தேதி. அதன் பக்கத்தில் இன்னொரு தேதி, அதற்குள் அடுத்த அட்டை வந்தாக வேண்டும். சிலிண்டர் மாற்றிய நாள். தண்ணீர் வடிகட்டி மாற்றிய நாள். தம்பி கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய கெடு. சில வரிகள் அழிக்கப்பட்டு அதன் மேலேயே புதிதாக எழுதப்பட்டிருந்தன. அந்த இடத்தில் மரத்தின் வண்ணமே தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே என் அத்தையின் பெயர், பக்கத்தில் ‘புதன்’.

“அது என்னம்மா புதன்?”

“மாமாவுக்கு உடம்பு சரியில்லல்ல. புதன்கிழமையானா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவாங்க. ராத்திரி போன் பண்ணி விசாரிப்பேன்.”

அப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அத்தை அவருடைய கூடப்பிறந்த தங்கை.

கூட்டுவது, துடைப்பது, சமைப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. செய்தால் தெரியாவிட்டாலும் செய்யாவிட்டால் தெரிந்துவிடும். அந்தக் கதவில் இருந்தது வேறு வகை. ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலையில் மூளை செய்கிற பகுதியை அவர் நான்காகப் பிரிக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்னாலேயே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது. இதில் முடிவெடுக்கிற நேரத்தில் கணவர்களும் ஓரளவு கூட இருக்கிறார்கள். முன்னால் உணர்வதும் பின்னால் கண்காணிப்பதும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் நிற்கின்றன. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் ‘புது வடிகட்டி வாங்கலாமா’ என்று நாங்கள் மூன்று ஆண்களும் உட்கார்ந்து கம்பீரமாக முடிவெடுத்திருக்கிறோம். பழையது கெட்டுப்போகப் போகிறது என்று கண்டுபிடித்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

என் அலுவலகத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவாயிற்று என்று தினமும் பதிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் வீட்டு வேலையையும் அப்படி எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டும் கையுமாக ஆரம்பித்தேன். காலை ஒன்பது மணிகூடத் தாண்டவில்லை, கைவிட்டேன். அடுப்பில் ஒன்று கொதிக்கிறது. துணி இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடக்கிறது. அப்பா குளியலறையில் இருக்கிறார், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் தொடர்ந்து கேட்கிறதா என்று ஒரு காது அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் போன வருடம் ஒருமுறை அவருக்குத் தலைசுற்றி விழப் பார்த்தார். இந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்த வேலை என்று எதை எழுதுவது?

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் உங்களில் இருந்தால் இந்தச் சிக்கல் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐரோப்பிய நாடுகளின் பொது வழிகாட்டுதலில், மக்கள் நிரப்ப வேண்டிய நாட்குறிப்பில் ஒரு நாளைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, முதன்மை வேலைக்கு ஒரு பத்தியும் கூடவே செய்த வேலைக்கு இன்னொரு பத்தியும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ‘ஒரு காது குளியலறைப் பக்கம்’ என்று எழுத அதிலும் இடமில்லை. குழந்தை வைத்திருக்கிற அம்மாக்களுக்கு இரவு முழுக்க அந்த ஒரு காது திறந்தே இருக்கும். நாட்குறிப்பில் அதற்குப் பெயர் ‘தூக்கம்’.

சரி, தொழில் கட்டம் இப்படி ஆனது எப்படி என்று தேடிப் பார்த்தேன். நீங்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது, ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் விஷயம் தெரியும். நாட்டு வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட முன்னோடிகளில் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸ் 1934இல் அமெரிக்க செனட் சபைக்கு அறிக்கை கொடுத்தபோதே, இல்லத்தரசிகளும் மற்ற குடும்பத்தாரும் செய்கிற வேலையை விட்டுவிட்டதாக அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மதிப்பிட நம்பகமான அடிப்படை இல்லை என்பது காரணம். அதே 1934இல் மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர் எளிய அளவுகோல் ஒன்றை எழுதிவைத்தார். ஒரு வேலையைக் கூலி கொடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்க முடியுமானால் அது உற்பத்தி, அவ்வளவுதான். சமைக்க ஆள் வைக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். என் சார்பில் சாப்பிடவோ தூங்கவோ யாரையும் வைக்க முடியாது. கோடு எவ்வளவு தெளிவாக விழுகிறது பாருங்கள்.

அவர்களுக்கும் முன்பே ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர், ஒருவர் தன் வீட்டு வேலை பார்க்கும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று காட்டிவிட்டார். அதே அடுப்பு, அதே துடைப்பம், அதே கை. சம்பளம் நின்றதும் வேலையும் கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

உலக நாடுகள் இன்று கணக்கெழுதுவது ஐக்கிய நாடுகள் சபை 1953இல் முதலில் வெளியிட்டு அவ்வப்போது திருத்திவரும் தேசியக் கணக்கு முறையை வைத்து. அதன்படி ஒரு பெண் தூரத்திலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வந்தால் அது உற்பத்தி. அந்தத் தண்ணீரை வைத்துச் சமைத்தால் உற்பத்தி இல்லை. இதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறொன்று. சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே வாடகை கொடுப்பதாகப் பாவித்து, அந்தக் கற்பனை வாடகையை நாட்டின் உற்பத்தியில் சேர்க்கிறீர்கள். யாரும் யாருக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை, ஆனாலும் மதிப்பிட முடிந்திருக்கிறது. ஆக எங்கள் வீட்டுச் சுவருக்கு வருமானம் உண்டு. சுவருக்குள் எல்லாவற்றையும் ஓடவைப்பவருக்கு ‘இல்லை’.

அளவு தெரியாமல் விட்டீர்கள் என்றும் சொல்ல முடியாது. 64 நாடுகளின் தரவை வைத்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். 200 கோடிப் பேர் ஆளுக்கு எட்டு மணி நேரம் கூலியில்லாமல் உழைப்பதற்குச் சமம். அதில் 76.2 சதவீதம் பெண்கள் செய்வது.

ஐஸ்லாந்தில் ஒருமுறை இதைக் காகிதமே இல்லாமல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் என்று சொல்லாமல் ‘பெண்களின் விடுப்பு நாள்’ என்று பெயர் வைத்தார்கள். பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடிக்கிடக்க, அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். அடுத்த வருடமே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் விக்திஸ் ஃபின்பொகாதோத்திர் என்ற பெண்மணி அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழந்தையைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த தாய் அவர்.

மாவுக்கட்டோடு சாய்ந்திருந்த அம்மாவிடம் இதை உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி, மறுநாள் சேர்ந்து கிடந்த பாத்திரத்தையெல்லாம் யாருடா கழுவினது?” என்றார். எந்தக் கட்டுரையிலும் அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, ‘தாயின் அன்புக்கு விலை போடலாமா’ என்று கேட்பார். எப்போதும் ஒருவர் கேட்பார். அன்புக்கு யாரும் விலை கேட்கவில்லை ஐயா. ஆசிரியர் மாணவர்களை நேசித்தே பாடம் நடத்துகிறார், அதற்காக அவர் படிவத்தில் தொழில் இல்லை என்றா எழுதுகிறார்? அம்மாவைத் தெய்வம் என்று கூப்பிடுவதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது, விடுமுறை வேண்டாம், ‘இன்னைக்கு என்னால முடியல’ என்று சொல்லாது. கூப்பிடுகிற நமக்கு அது வசதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். விபத்தில் ஒரு தாய் இறந்துபோய் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், அவர் வீட்டில் செய்துவந்த வேலைக்கு நீதிமன்றங்கள் மதிப்புப் போடுகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கொடுத்த ஒரு தீர்ப்பில், சம்பளம் வாங்காத இல்லத்தரசிக்கும் உத்தேச வருமானம் கணக்கிட வேண்டியது ஏன் என்று விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை ‘இல்லை’. போன பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ‘இல்லத்தரசி’ என்றுதான் போட்டிருக்கிறோமே என்பீர்கள். அழகான சொல்தான், அரசிக்குச் சேவகர்கள் இருப்பார்கள் என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை. இணையப் படிவத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவுடன் அடுத்த கட்டம் ‘ஆண்டு வருமானம்’ என்று நிற்கும். பூஜ்யம் போட்டால் சிவப்பு எழுத்தில் ‘சரியான தொகையை உள்ளிடவும்’ என்று வரும். ஒரு ரூபாய் என்று போட்டுத் தப்பித்தவர்களை எனக்குத் தெரியும். முதல் வேலையாக அந்தச் சிவப்பு எழுத்தை எடுங்கள்.

அப்புறம், கேள்வியை இரண்டாக உடையுங்கள். ‘சம்பளத்துக்குச் செய்யும் வேலை’ என்று ஒன்று. ‘சம்பளமில்லாமல் செய்யும் வேலை’ என்று இன்னொன்று. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உங்கள் துறையைச் சேர்ந்தவர்களே 2013இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாட்டில் கூடி, வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் செய்வதும் வேலைதான் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் சீட்டு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவது கேள்வியை ஆண்களிடமும் கேளுங்கள். ‘இல்லை’ என்று எழுத என் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும். எழுதும்போது பேனா நிற்கிறதா என்று பார்க்கலாம்.

ஆஸ்பத்திரிப் படிவம் போடுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் மூன்று நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். அதை அலுவலகத்தில் நீட்டினேன், விடுப்புத் தந்தார்கள். அம்மாவுக்கும் ஓய்வு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவர் யாரிடம் கொண்டுபோய் நீட்டுவார்? ‘நோயாளி வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார், இனி அதை யார் செய்வார்’ என்று ஒரே ஒரு வரி இருந்தால், கூட வந்திருக்கிற என்னைப் போன்றவன் அங்கேயே உட்கார்ந்து பெயர் எழுத வேண்டியிருக்கும். எழுதிக் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள்.

போன வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. அம்மா விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், சுண்டுவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் இளைஞர், நல்ல மாதிரி. “இன்னும் நாலு வாரத்துக்கு இந்தக் கையில வெயிட் எதுவும் தூக்கக் கூடாது, அழுத்தி வேலை செய்யக் கூடாது. நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நான்கு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் ஒரு படிவம் நீட்டுவார்கள். அதற்குள் ஏதாவது மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிய ஒரு மகன்